லேஅவுட் பூங்காவை மனையாக்கி விற்கிறார்களா? எந்தக் காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும்

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் மனைப்பிரிவின் பூங்கா இடத்தில் ஜேசிபி வந்து நின்றது. நாலு வேப்பமரம், ஒரு உடைந்த சிமெண்ட் பெஞ்ச், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடித் தேய்ந்த தரை, எங்கள் பூங்கா அவ்வளவுதான். வந்தவர் சண்டைக்கு நிற்கவில்லை. பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் பையிலிருந்து எடுத்து அமைதியாகக் காட்டினார். மூன்றிலும் அவர் பெயர். எங்களிடம் இருந்தது முப்பது வருடமாக இது பூங்கா என்ற நினைவு மட்டும்தான், கையில் ஒரு காகிதம் கிடையாது. சனி, ஞாயிறு எந்த அலுவலகமும் திறந்திருக்காது, அதற்குள் சுற்றுச்சுவர் எழும்பிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த நாளில் வந்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

அந்த இடத்தை மீட்க நாலு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பாதிக் காலம் எந்த அலுவலகத்தில் என்ன கேட்பது என்று தெரியாமல் அலைந்த காலம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறைதான் எனக்குத் தெரியும், அதை மட்டும் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு வக்கீலைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வக்கீலிடம் போகும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பொது இடம் ஒரே நாளில் தனியார் மனையாக மாறுவதில்லை. ஒவ்வொரு காகிதமாக மாறுகிறது. முதலில் பட்டாவில் பெயர், அப்புறம் ஒரு செட்டில்மெண்ட் பத்திரம், அப்புறம் ஒரு கிரயம், அப்புறம் உட்பிரிவு, கடைசியில் கட்டட அனுமதி. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு அதிகாரியின் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்தைப் போட அவருக்குச் சட்டப்படி அதிகாரம் இருந்ததா, அவர் முன்னால் எந்த ஆவணம் வைக்கப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்று ஒவ்வொரு காகிதத்தையும் பார்த்துக் கேட்பதுதான் உங்கள் வேலை. "எங்கள் பூங்காவைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதிய மனுக்களுக்கு எங்களுக்குப் பதிலே வரவில்லை. "இந்தத் தேதியில் இந்த எண்ணில் அங்கீகரித்த வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்துக்கு, எந்த உத்தரவின்படி தனிநபர் பட்டா கொடுக்கப்பட்டது?" என்று கேட்ட பிறகுதான் பதில் வர ஆரம்பித்தது.

வரைபடத்தில் தொடங்குங்கள்

உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சி.எம்.டி.ஏ., வெளியே என்றால் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம். அங்கீகார எண் உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே இருக்கும். விளம்பரத்தோடு புரமோட்டர், அதாவது மனை பிரித்து விற்றவர், கொடுத்த வண்ண வரைபடம் எதற்கும் உதவாது. முத்திரையும் கையெழுத்தும் உள்ள நகல்தான் வேண்டும்.

அந்த நகலுக்கு இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கேளுங்கள், திட்ட அலுவலகத்திலும் உங்கள் உள்ளாட்சியிலும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய் கட்டணம், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். இடத்தைப் பாதுகாக்க வேண்டிய அலுவலகமே ஆவணத்தைத் தொலைத்திருக்கிறது என்பதற்கு அது எழுத்துப்பூர்வமான சாட்சி. எங்களுக்கும் உள்ளாட்சியில் கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார்கள், திட்ட அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது.

வரைபடம் கைக்கு வந்ததும் அந்த இடத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இதில் பலர் சறுக்குகிறார்கள். "பூங்கா", "விளையாட்டுத் திடல்", "திறந்தவெளி" என்றிருந்தால் ஒரு விதம். "கடைகள்", "பள்ளி" என்று ஒதுக்கியிருந்தால் வேறு விதம். கடைக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய இடத்தைப் பல மனைப்பிரிவுகளில் உரிமையாளரே அதே உபயோகத்துக்கு விற்கலாம். அங்கே கேட்க வேண்டியது ஏன் விற்றாய் என்பதல்ல, பள்ளிக்கு விட்ட இடத்தில் ஏன் அடுக்குமாடி வருகிறது என்பது. இந்த வித்தியாசம் தெரியாமல் மனுப் போட்டால் முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு வக்கீல் உங்களை ஒதுக்கிவிடுவார்.

எங்கள் வழக்கில் பெரிதும் கைகொடுத்த இன்னொரு ஆதாரம் எங்கள் வீட்டு அலமாரிகளிலேயே இருந்தது. பூங்காவை ஒட்டிய மனைக்காரர்களின் கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், "பூங்காவுக்கு வடக்கு", "பூங்காவுக்கு மேற்கு" என்று இருக்கும். இந்த இடம் பூங்கா என்று ஒப்புக்கொண்டு புரமோட்டர் தானே கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த வாக்குமூலம் அது. அப்படி ஒன்பது பத்திரங்களை வரிசையாக அடுக்கி வைத்தபோது, அதே புரமோட்டரின் வாரிசுகள் இது எங்கள் சொந்தக் காலியிடம் என்று சொன்ன வாதம் அங்கேயே ஆடிப்போனது.

தானப்பத்திரம் இருக்கிறதா

அடுத்த கேள்வி இதுதான், வழக்கின் பாதி எடை இதில் இருக்கிறது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் சாலைகள் போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைப் பொது திறந்தவெளிக்கு விட வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். என்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரை இந்தக் கட்டாயம் இல்லை. 3,000 முதல் 10,000 வரை இடமாக விடலாம், முடியாதபோது அதற்கு ஈடான தொகையைக் கட்டலாம். 10,000-க்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், இடமாகத்தான் விட வேண்டும், அதைப் பதிவு செய்த தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்கவும் வேண்டும். இப்படி இலவசமாக நிலம் கேட்பது செல்லாது என்று சென்னையில் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் வசந்த் அபார்ட்மெண்ட்ஸ் உரிமையாளர்கள் சங்க வழக்கில் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது.

சரி, உங்கள் பூங்காவுக்குத் தானப்பத்திரம் போட்டார்களா? புல எண்ணைப் போட்டு வில்லங்கம் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், இணையத்தில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேட வேண்டும். புல எண் காலப்போக்கில் மாறியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். பழைய சர்வே எண், நகர நில அளவைக்குப் பிறகு வந்த டி.எஸ். எண், உட்பிரிவுகள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். புது உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் பழைய தானப்பத்திரம் கண்ணில் படாது. வாங்க வருகிறவரிடம் அந்தச் சுத்தமான வில்லங்கத்தை மட்டும்தான் காட்டுவார்கள்.

தானப்பத்திரம் இருந்தால் இடம் உள்ளாட்சிக்குச் சொந்தம். கொடுத்தவரோ அவர் வாரிசோ விற்க அதில் எதுவும் மிச்சமில்லை. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாட்டுத் திருத்தமாகச் சேர்ந்த 22-அ பிரிவின்படி அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமான சொத்தை உரிய அனுமதி இல்லாமல் மாற்றும் ஆவணத்தைச் சார்பதிவாளர் பதிய மறுக்க வேண்டும்.

தானப்பத்திரம் இல்லையென்றால் மனம் தளர்ந்துவிடாதீர்கள், ஆனால் வேலை கூடும். பழைய மனைப்பிரிவுகளில் பெரும்பாலும் இந்தக் கதைதான். வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்து அங்கீகாரம் வாங்கி, மனைகளையெல்லாம் விற்று முடித்து, தானப்பத்திரம் மட்டும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். உள்ளாட்சியும் கேட்காது. இருபது முப்பது வருடம் கழித்து, சதுர அடி விலை ஏறியதும், வாரிசுகளுக்கு அந்த இடம் ஞாபகத்துக்கு வரும். சட்டத்தில் உங்களுக்கு இங்கே உதவுவது உச்ச நீதிமன்றம் சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் சொன்னது. டெல்லி மாநகராட்சிக்கு எதிரான வழக்கு அது. சட்டத்தில் இடம் இல்லாதபோது திறந்தவெளியின் உரிமையையே இலவசமாக எழுதிக் கொடு என்று மாநகராட்சி கேட்க முடியாது என்று சொன்ன அதே தீர்ப்பு, திறந்தவெளி என்று காட்டிய பிறகு பொதுநலனின் காவலனாக அதை நிர்வகிக்கும் உரிமை மாநகராட்சிக்கு உண்டு என்றும் சொன்னது. அதாவது உரிமைப் பெயர் பழையவரிடமே நின்றாலும், அதில் வீடு கட்டி விற்கும் சுதந்திரம் அவருக்குத் திரும்பி வந்துவிடாது. பூங்காவைக் காட்டித்தான் அங்கீகாரம் வாங்கினார், பூங்காவைக் காட்டித்தான் நமக்கு மனை விற்றார். நாம் கொடுத்த விலையில் அந்தத் திறந்தவெளியின் விலையும் சேர்ந்திருந்தது.

பட்டாவைக் கண்டு மிரளாதீர்கள்

எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது பட்டாதான், நம்மவர்கள் பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது உரிமை மூலம் ஆகாது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தானப்பத்திரம் பதிவான பிறகும் உள்ளாட்சி பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்காமல் விட்டதால் பழைய பெயரே தொடரும், அல்லது யூ.டி.ஆர். எனப்படும் நில ஆவணப் புதுப்பிப்புக் காலத்தில் பெயர் தவறாக ஏறியிருக்கும். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயர் மாற்றி, விற்கிறார்கள்.

தவறான பட்டாவை எதிர்க்க 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் வழி இருக்கிறது. தாசில்தாரின் உத்தரவுக்கு எதிராகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. மேல்முறையீட்டை உள்ளாட்சி போட்டால் வலு அதிகம், அதனால் நீங்கள் போடும்போதே ஆணையரையும் ஒரு தரப்பாகக் காட்டுங்கள். அ-பதிவேடு எனப்படும் கிராம நிலப் பதிவேட்டின் நகல், எஃப்.எம்.பி. எனப்படும் புல அளவை வரைபடம், நகரம் என்றால் டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், இவையெல்லாம் இணைப்பில் இருக்கட்டும். பட்டா மாற்றிய கோப்பின் முழு நகலையும் தகவல் சட்டத்தில் கேளுங்கள். அந்தக் கோப்பில் அங்கீகரித்த வரைபடம் வைக்கப்படவே இல்லை என்று தெரிந்தால் உங்கள் மேல்முறையீட்டில் பாதி வேலை முடிந்த மாதிரி.

திருத்திய வரைபடம், நிலப்பயன்பாட்டு மாற்றம், 38-ஆம் பிரிவு

கொஞ்சம் விவரமானவர்கள் பட்டாவோடு நிற்க மாட்டார்கள், மூன்று வழிகளில் வருவார்கள்.

திருத்திய லேஅவுட் என்பது ஒன்று. பழைய வரைபடத்தில் பூங்கா ஒரு மூலையில் இருந்தது, இப்போது இன்னொரு மூலைக்கு மாற்றியிருக்கிறோம் என்பார்கள். புது மூலை பெரும்பாலும் உயரழுத்த மின்கம்பிக்குக் கீழேயோ ஓடைக்கரையிலோ இருக்கும். மனைகள் விற்றுப்போன பிறகு, அவற்றை வாங்கியவர்களைக் கேட்காமல் இப்படி மாற்ற அனுமதி எப்படி வந்தது என்று கேளுங்கள். ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு கொடுத்தார்களா, யாருக்குக் கொடுத்தார்கள், கோப்பில் அதற்கு ஒப்புகை இருக்கிறதா என்பதெல்லாம் வெளியே வர வேண்டும்.

நிலப்பயன்பாட்டு மாற்றம் இரண்டாவது. முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில், திறந்தவெளி என்று வண்ணமிட்ட நிலத்தைக் குடியிருப்பு என்று மாற்றுவது. இதற்கென்று நடைமுறை இருக்கிறது, நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். அந்த அறிவிப்பு உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும், குறித்த நாளுக்குள் ஆட்சேபணை போகவில்லை என்றால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஐம்பது பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவதைவிட ஐம்பது தனித்தனி ஆட்சேபணை போவது நல்லது. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டிவரும்.

மூன்றாவதுதான் பலரைக் குழப்புகிறது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், 38-ஆம் பிரிவு. அரசு தன் வளர்ச்சித் திட்டத்தில் ஒருவரின் சொந்த நிலத்தைச் சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிவிட்டு, மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தாமல் விட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருத வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நியாயமான பிரிவுதான். பணமும் கொடுக்காமல், கட்டவும் விடாமல், ஒருவரின் நிலத்தை அரசு காலம் முழுக்க முடக்கி வைக்கக் கூடாது. ஆனால் மனைப்பிரிவுப் பூங்காவுக்கும் இதையே காட்டி, மூன்று வருடம் தாண்டிவிட்டது, எங்களுக்கே திரும்ப வந்துவிட்டது என்று வாதாடுவார்கள். இங்கே அரசு யாருடைய நிலத்தையும் முடக்கவில்லை. உரிமையாளரே தன் லாபத்துக்காக மனை பிரிக்க விண்ணப்பித்து, அந்த அனுமதியின் நிபந்தனையாக விட்ட இடம் இது. அனுமதியின் பலனை முழுக்க அனுபவித்துவிட்டு நிபந்தனையை மட்டும் கழற்றிவிட முடியாது. உங்கள் வக்கீல் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிறாரா என்று முன்கூட்டியே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே வேலை நடக்கிறது என்றால்

ஆவணமெல்லாம் சேரும்வரை ஜேசிபி காத்திருக்காது. முதல் நாளே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. தேதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள், சுற்றிலும் அடையாளம் தெரியும் வீடுகளையும் சேர்த்து எடுங்கள். கட்டட அனுமதி எண்ணைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் அதையே மனுவில் எழுதுங்கள். அனுமதியில்லாத வேலையை நிறுத்தவும் அகற்றவும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் திட்ட அமைப்புக்கு அதிகாரம் இருக்கிறது, அந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டே மனுக் கொடுங்கள். உள்ளாட்சி ஆணையர், திட்ட அலுவலகம், தாசில்தார், சார்பதிவாளர் நால்வருக்கும் போக வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்குங்கள். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றுதான் சொல்வார்கள். பரவாயில்லை, புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் வாங்கிவிடுங்கள்.

கைகலப்புக்கு மட்டும் போகாதீர்கள். எங்கள் தெருவில் இரண்டு இளைஞர்கள் கோபத்தில் கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். அவர்கள் மேல் போட்ட வழக்கை முடிக்கவே ஒன்றரை வருடம் ஆனது, அந்தப் பயத்தில் பாதிப் பேர் கூட்டத்துக்கே வராமல் போனார்கள். அந்தப் பையன்களின் அம்மாக்கள் முகத்தை எனக்கு இப்போதும் மறக்க முடியவில்லை.

எதிர்த்தரப்பு நமக்கு முன்பே சிவில் கோர்ட்டில் ஒருதலையாகத் தடையாணை வாங்கிவிட வாய்ப்பிருக்கிறது. அதற்கு முன்னெச்சரிக்கையாக, எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று கேவியட் மனுப் போடலாம். போட்ட நாளிலிருந்து 90 நாள் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம், ஆனால் மிச்சமாகும் தலைவலி பெரிது.

நீதிமன்றத்தில்

ஒரு கூட்டு மோசடி அடிக்கடி நடக்கிறது. வாரிசு ஒருவர் வாதி, இன்னொரு உறவினர் பிரதிவாதி, உள்ளாட்சியைச் சேர்க்கவே மாட்டார்கள். பிரதிவாதி ஆஜராக மாட்டார், ஒருதலைத் தீர்ப்பு வரும், அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பட்டாவும் கட்டட அனுமதியும் வாங்குவார்கள். தரப்பாகச் சேர்க்கப்படாத ஒருவரை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் உங்களையும் உள்ளாட்சியையும் தரப்பாகச் சேர்க்க மனுப் போடுங்கள்.

நீங்களே போவதென்றால் சிவில் நீதிமன்றத்தில் குடியிருப்போர் அனைவருக்காகவும் பிரதிநிதித்துவ வழக்குப் போடலாம், அல்லது உயர் நீதிமன்றத்தில், தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளையில், ரிட் மனுப் போடலாம். ரிட்டில் பெரும்பாலும் முதல் கட்டமாக, மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள் என்று அதிகாரிக்கு உத்தரவு வரும். அதனால்தான் மனுக் கொடுத்த ரசீதுகள் முக்கியம், நீங்கள் முறையிட்டதற்கே ஆதாரம் இல்லையென்றால் அந்த உத்தரவும் கிடைக்காது. உத்தரவு வந்த பிறகும் அதிகாரி அசையவில்லை என்றால் அவமதிப்பு மனு.

"உனக்கு என்ன பாதிப்பு, நீ யார் கேட்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதில் 1991-லேயே பெங்களூரு வழக்கில் வந்துவிட்டது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை முதலமைச்சரின் உத்தரவின் பேரில் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள்தான் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியும் பொதுச் சேவைதானே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, பூங்காவைத் தனியார் மருத்துவமனையாக மாற்றுவதை ரத்து செய்தது, கேட்கும் உரிமை குடியிருப்போருக்கு உண்டு என்றும் சொன்னது. முத்தப்பா வழக்கு என்று வக்கீலிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரியும். 1999-ல் லக்னோ ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் மாநகராட்சியே ஒரு கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு எழுப்பிய வணிக வளாகத்தை இடித்துப் பூங்காவை மீட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். கட்டி முடித்துவிட்டோம், இனி என்ன செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் இந்த வழக்கை நினைவில் வையுங்கள்.

பூங்கா அல்ல, புறம்போக்கு என்றால்

இங்கே முதல் வேலை வகைப்பாட்டைப் பார்ப்பது. அ-பதிவேட்டில் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால், களம், மயானம், வண்டிப்பாதை, நத்தம், தரிசு என்று என்ன எழுதியிருக்கிறது? இப்போதைய பதிவேட்டை மட்டும் நம்பாமல் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேளுங்கள், நடுவில் எங்காவது வகைப்பாடு மாறியிருந்தால் எந்த அரசாணையில் மாறியது என்று கேளுங்கள். நத்தம் தனி விஷயம். அது குடியிருப்புக்கென்றே விட்ட நிலம், வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு, அதை நீர்நிலையோடு போட்டுக் குழப்பக் கூடாது.

நீர்நிலையில் சமரசமே கிடையாது. 2011-ல் பஞ்சாப் பாட்டியாலா மாவட்டத்தில் ரோகர் ஜாகிர் கிராமக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களிடம் நிலத்தின் விலையை வாங்கிக்கொண்டு வரன்முறை செய்யலாம் என்று அங்குள்ள நிர்வாகம் முடிவெடுத்தபோது, ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, நாடு முழுக்கக் கிராமப் பொது நிலங்களில் இருக்கும் சட்டவிரோத ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கச் சொன்னது. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் அரசு முறைப்படி கொடுத்த நிலத்துக்கும், ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ இருக்கும் இடத்துக்கும் விதிவிலக்கு உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது, மற்ற புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். சுற்றுச்சூழல் கேள்வி என்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். ஆறு மாதக் கெடு இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள்.

பி மெமோ ரசீது வைத்திருப்பதாலேயே இடம் தன்னுடையது என்று பலர் நம்புகிறார்கள், அதை நம்பி அடுத்தவரும் வாங்குகிறார்கள். அது ஆக்கிரமிப்புக்குக் கட்டிய அபராதத்தின் ரசீது. அரசுக்கு எதிராக அனுபவ பாத்தியம் கேட்க 12 வருடம் போதாது, 30 வருடம் வேண்டும், அதையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

இங்கே என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்சேபணையற்ற புறம்போக்கில் குடிசை போட்டு இரண்டு தலைமுறையாக வாழ்கிற குடும்பத்தையும், மேய்க்காலை வளைத்து வில்லா கட்டி விற்கிறவரையும் ஒரே தராசில் வைத்து நான் பேச மாட்டேன். முதல் குடும்பத்துக்குப் பட்டா கொடுக்க அரசுக்கு முறையான வழி இருக்கிறது, கொடுக்கவும் வேண்டும். பெருநகரங்களைச் சுற்றிய பெல்ட் பகுதிகளில் பட்டா கொடுக்க இருந்த தடையைத் தளர்த்த 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்ததும் அந்த வழியில்தான். புறம்போக்கை மீட்கிறோம் என்று ஏழையை மட்டும் அகற்றிவிட்டு, பக்கத்துச் சுற்றுச்சுவரைத் தொடாமல் விட்டால் அங்கே போய் நின்று கேளுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு

மனை வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லாமல் "மீதி நிலம்", "காலியிடம்" என்று பத்திரம் எழுதினால் விலகிவிடுங்கள். மனைக்கு மூன்று பக்கமும் சாலை, ஒழுங்கான சதுரம், மனைப்பிரிவின் நடுவில், அக்கம்பக்கத்தைவிட விலை குறைவு என்றால் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள், அப்படிப்பட்ட இடம் பூங்காவாகத்தான் இருக்கும். வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பது பாதுகாப்பு ஆகாது. கட்டட அனுமதியும் நில உரிமைக்குச் சான்று இல்லை. 2017-ல் அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்ய வந்த விதிகளிலும் நீர்நிலை, அரசு நிலம், பூங்கா ஒதுக்கீட்டு இடத்துக்கு வரன்முறை கிடையாது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். புல எண் புறம்போக்கா என்று வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்க முடியும். பதிவுத்துறை வழிகாட்டி மதிப்பில் அந்தப் புல எண்ணுக்குப் பூஜ்யம் என்றிருந்தால் பதிவைத் தடுக்கத்தான் அப்படிப் போட்டிருப்பார்கள்.

இடம் திரும்பக் கிடைத்த பிறகு

இதைச் செய்யாமல் விட்டவர்கள் இரண்டாவது முறையும் இழந்திருக்கிறார்கள். தீர்ப்பு வந்த வாரமே சர்வேயரை வைத்து அளந்து கல் நடச் செய்யுங்கள். தானப்பத்திரம் இல்லையென்றால் அதைப் பதிவு செய்ய வையுங்கள். பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்றவும், உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் பரப்போடு ஏற்றவும் மனுக் கொடுத்து, ஏற்றிய பக்கத்தின் நகலை வாங்கி வையுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள், அடுத்த கூட்டத்துக்குக் காத்திருந்தாலும் பரவாயில்லை. சார்பதிவாளருக்குத் தீர்ப்பு நகலை அனுப்பி அந்தப் புல எண்ணில் பதிவைத் தடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேலி, பெயர்ப்பலகை, விளக்கு மூன்றும் வேண்டும். பலகையில் லேஅவுட் அங்கீகார எண்ணையும் எழுதுங்கள்.

எங்கள் பூங்காவின் பட்டா இப்போது உள்ளாட்சி பெயரில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சங்கத்தில் ஒருவர் வருவாய்த் துறையின் தமிழ்நிலம் தளத்தில் அந்தப் புல எண்ணைப் போட்டுப் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்து, வில்லங்கமும் எடுத்து, சங்கக் கோப்பில் வைக்கிறார். இந்த முறை அந்த வேலை என்னுடையது. போன வாரம்தான் பார்த்தேன், மாறவில்லை.